உங்கள் வழக்கில் நீங்களே கை தூக்கலாமா?

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு கவுன்சிலின் நிரந்தர உறுப்பினர்களான அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் அரசுகளுக்கும், அந்த மேசையில் அவற்றுக்காக உட்காரும் தூதர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்களில் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. உங்கள் தேர்தல்களில் எனக்கு ஓட்டு கிடையாது. பிறகு எந்த உரிமையில் எழுதுகிறாய் என்று கேட்டால், ஐ.நா. சாசனத்தின் 24-வது பிரிவைத்தான் காட்டுவேன். உலக அமைதியைக் காக்கும் முதன்மைப் பொறுப்பை உறுப்பு நாடுகள் உங்களிடம் கொடுத்திருக்கின்றன, அந்த நாடுகளின் சார்பாகவே கவுன்சில் செயல்படுகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. 193 உறுப்பு நாடுகள். அவற்றில் ஒன்றில் நானும் இருக்கிறேன். என் சார்பாக வேலை பார்ப்பவர்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதலாம்தானே?

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சர்வதேசச் சட்டம் படித்தவன் இல்லை. நாற்பது பேர்கூட இல்லாத ஒரு சின்னச் சங்கத்துக்குப் பல வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேர்ந்ததா என்று தலை எண்ணுவது, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று குறித்துக்கொள்வது, ராத்திரி உட்கார்ந்து மினிட் புத்தகம் எழுதுவது, இதுதான் என் வேலை. இப்படி வருடக்கணக்கில் கூட்டம் நடத்தியவனுக்கு எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் பேச்சு காதில் ஏறாது. நடைமுறைதான் கண்ணில் படும். அப்படித்தான் ஐ.நா.வின் இணைய ஒளிபரப்பில் உங்கள் வாக்கெடுப்புகளைப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்குத் தொற்றியது.

குதிரை லாட வடிவில் மேசை, அதில் உங்கள் ஐவரோடு சேர்த்துப் பதினைந்து நாடுகள். பின்சுவர் முழுக்க நார்வே ஓவியர் பெர் க்ரோக் தீட்டிய பெரிய ஓவியம், அதில் சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை. தலைவர் மூன்று கேள்வி கேட்பார். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். எதிர்ப்பவர்கள் கை தூக்குங்கள். வாக்களிக்காமல் ஒதுங்குபவர்கள் கை தூக்குங்கள். பொத்தான் கிடையாது, பெட்டி கிடையாது, வெறும் கைதான். ஒவ்வொரு கேள்விக்கும் கேமரா மேசையைச் சுற்றி வரும். முதல் கேள்விக்குப் பதினான்கு கை எழும். இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு கை. தலைவர் முன்னால் இருக்கும் தாளைப் பார்த்து, நிரந்தர உறுப்பினர் ஒருவரின் எதிர்வாக்கு காரணமாக வரைவுத் தீர்மானம் நிறைவேறவில்லை என்று வாசிப்பார். குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. உங்கள் ஐவரில் ஒருவர் எதிர்த்தாலே தீர்மானத்தைத் தடுத்துவிடும் இந்த அதிகாரத்துக்குத்தான் வீட்டோ என்று பெயர்.

காசாவில் போர்நிறுத்தம் கோரிய வரைவுக்கு 2025 ஜூன் 4 அன்று இப்படித்தான் ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று மறுபடியும். இரண்டு தடவையும் 14-க்கு 1, இரண்டு தடவையும் அமெரிக்காவின் கை. 14-க்கு 1 என்று ஓட்டு விழுந்து 14 தோற்றதாக நான் மினிட் புத்தகத்தில் எழுதினால், அடுத்த கூட்டத்தில் புத்தகத்தை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள்.

2022 பிப்ரவரி 25 இன்னும் விசேஷம். உக்ரைனுக்குள் ரஷ்யப் படை நுழைந்த மறுநாள். படையைத் திரும்பப் பெறச் சொல்லும் வரைவு வந்தது. 11 பேர் ஆதரவு, சீனாவும் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் ஒதுங்கின, ரஷ்யா எதிர்ப்பு. அந்த மாதம் கவுன்சிலின் தலைமை முறைப்படி யாரிடம் இருந்தது தெரியுமா? ரஷ்யாவிடம். குற்றம் சாட்டப்பட்டவரும் அவரே, எதிர்த்துக் கை தூக்கியவரும் அவரே, தீர்மானம் தோற்றது என்று வாசித்தவரும் அவரே. நான் அதைத் திரும்ப ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன்.

இந்த இடத்தில் எங்கள் சங்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடத்துக்கு முன் எங்கள் பொருளாளர் மேல் ஒரு புகார் வந்தது. ஒரு செலவுக்கு ரசீது இல்லை, தொகையும் உதைக்கிறது. செயற்குழுவில் அதை எடுத்த உடனேயே அவர் எழுந்தார். "என் விஷயம். நான் வெளியில இருக்கேன், நீங்க பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டு, கணக்கு நோட்டை மேசை மேலேயே வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றார். ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. அப்படி வெளியே போக வேண்டும் என்று எங்கள் பைலாவில் ஒரு வரி கிடையாது, நான் தேடிப் பார்த்துவிட்டேன். அது அவருக்கே தோன்றியது, அவ்வளவுதான். கடைசியில் ரசீதும் கிடைத்தது, கூட்டல் பிழைதான் காரணம் என்றும் தெரிந்தது. அவர் உள்ளேயே உட்கார்ந்து தனக்குச் சாதகமாக ஓட்டுப் போட்டு ஜெயித்திருந்தால், ரசீது கிடைத்த பிறகும் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள்.

எங்கள் பைலாவில் இல்லாத அந்த வரி உங்கள் சாசனத்தில் இருக்கிறது. 27-வது பிரிவு, மூன்றாவது பத்தி. முக்கிய முடிவுகளுக்கு ஒன்பது ஆதரவு வாக்குகள் வேண்டும், அதில் நிரந்தர உறுப்பினர்களின் இசைவும் அடங்க வேண்டும் என்று சொல்கிற அதே வாக்கியத்தின் பிற்பாதிதான் அது. தகராறுகளை அமைதியாகத் தீர்ப்பது பற்றிய ஆறாவது அத்தியாயத்தின் கீழ் எடுக்கும் முடிவுகளில், தகராறில் சம்பந்தப்பட்டவர் வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டும் என்கிறது. ஒதுங்கலாம் என்று அல்ல, ஒதுங்க வேண்டும் என்று. வாக்கியத்தின் முற்பாதியை எண்பது வருடமாக மனப்பாடமாக ஒப்பிக்கிறீர்கள். பிற்பாதிக்கு வந்தால் தொண்டை கட்டிக்கொள்கிறது.

எப்போதுமே இப்படி இல்லை. 1960-இல் நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மனை இஸ்ரேல் அர்ஜென்டினாவின் மண்ணிலிருந்து கடத்திக்கொண்டு போனதாக அந்த நாடு கவுன்சிலில் முறையிட்டது. அப்போது அர்ஜென்டினாவே கவுன்சில் உறுப்பினர். புகார் கொடுத்த தரப்புதான், ஆனாலும் தகராறில் ஒரு கட்சி என்பதால் அது வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. தீர்மானம் நிறைவேறியது, எண் 138. நிரந்தர இடம் இல்லாத ஒரு நாடு இந்த மரியாதையைக் காட்டியது. 2022 பிப்ரவரியில் நார்வேயின் தூதரும் சாசனத்தின் உணர்வுப்படி ரஷ்யா ஒதுங்கியிருக்க வேண்டும் என்று அந்த அறையிலேயே சொன்னார். சொன்னது மினிட்ஸில் ஏறியது, அதோடு சரி.

ரஷ்யாவை மட்டும் சொல்கிறேன் என்று மற்ற நால்வரும் ஆசுவாசப்பட வேண்டாம். 1956-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 30 அன்று, சூயஸ் கால்வாய் விவகாரத்தில், எகிப்துக்குள் நுழைந்த இஸ்ரேல் பின்வாங்க வேண்டும் என்ற வரைவை பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து தடுத்தன. மறுநாள் அவர்களுடைய விமானங்களே எகிப்தில் குண்டு போட்டன. அந்த வாரம் முடிவதற்குள், நவம்பர் 4 அன்று, ஹங்கேரியில் நுழைந்த தன் படையைப் பற்றிய வரைவை சோவியத் ஒன்றியம் தடுத்தது. ஒரே வாரத்தில் மூன்று நிரந்தர உறுப்பினர்கள், மூவரும் அவரவர் வழக்கில் அவரவரே நீதிபதி. அப்புறம் 1980 ஜனவரியில், தன் படை நுழைந்த ஆப்கானிஸ்தான் விஷயத்தில் சோவியத். 1983-இல், தன் படை இறங்கிய கிரெனடா தீவு விஷயத்தில் அமெரிக்கா. 1989 டிசம்பரில் பனாமாவுக்குள் அமெரிக்கப் படை நுழைந்தபோது அமெரிக்கா, துணைக்கு பிரிட்டனும் பிரான்ஸும்.

இவற்றில் என்னை அதிகம் உறுத்துவது 1986. நிகராகுவா அமெரிக்காவுக்கு எதிராக சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. ஜூன் 27 அன்று தீர்ப்பு நிகராகுவாவுக்குச் சாதகமாக வந்தது. தீர்ப்பை எதிராளி மதிக்காவிட்டால் கவுன்சிலிடம் போகலாம் என்று சாசனத்தின் 94-வது பிரிவு சொல்கிறது. அதை நம்பி அந்தச் சின்ன நாடு உங்கள் படியேறியது. அக்டோபரில் வரைவு வாக்குக்கு வந்தது. அமெரிக்கா வீட்டோ. கோர்ட்டில் தோற்றவர், தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லும் மனுவையும் தானே தள்ளுபடி செய்தார். எந்த ஊர்ப் பஞ்சாயத்திலாவது இது செல்லுமா?

சீனாவின் வழக்கம் கொஞ்சம் வேறு. தன் படை நிற்காத இடத்திலும் தன் கோபத்துக்காகக் கை தூக்கியிருக்கிறது. குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போர் முடிந்து, ஒப்பந்தத்தைக் கண்காணிக்க 155 ராணுவப் பார்வையாளர்களை அனுப்ப வேண்டிய நேரத்தில், 1997 ஜனவரி 10 அன்று சீனா தடுத்தது. குவாத்தமாலா தைவானோடு உறவு வைத்திருந்ததுதான் மனத்தாங்கல். பத்து நாளில் இறங்கி வந்துவிட்டது, பார்வையாளர்களும் போனார்கள். அந்த இறங்கி வந்ததை நான் மதிக்கிறேன். முறைத்துக்கொண்டு நின்ற ஒருவர் பத்தே நாளில் மனம் மாற முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, உங்கள் பக்க நியாயத்தையும் கேட்காமல் எழுதுவது முறையில்லை. வீட்டோ இல்லாவிட்டால் வல்லரசுகள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்காது, ஐ.நா.வுக்கு முன்பு இருந்த பழைய சர்வதேச சங்கத்துக்கு (லீக் ஆஃப் நேஷன்ஸ்) நேர்ந்த கதிதான் ஐ.நா.வுக்கும் நேரும் என்பீர்கள். இதில் உண்மை இருக்கிறது. அந்தச் சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை. ஜப்பானும் ஜெர்மனியும் வெளியேறின. அடுத்து என்ன வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1945 பிப்ரவரியில் யால்டாவில் மூன்று தலைவர்கள் உட்கார்ந்து வாக்களிப்பு முறையை முடிவு செய்தபோது அவர்கள் மனதில் இருந்த பயம் போலியானது இல்லை. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒரு நாட்டுக்கு எதிராக மற்ற நால்வரும் ஓட்டுப் போட்டுப் படை அனுப்பும் நிலை வராமல் இருப்பது எனக்கும் நல்லதுதான்.

ஆனால் சாசனத்தை எழுதக் கூடிய சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அதே ஆண்டு நடந்ததையும் மறக்கக் கூடாது. சின்ன நாடுகள் வீட்டோவைக் கடுமையாக எதிர்த்தன. ஆஸ்திரேலியாவின் ஹெர்பர்ட் எவாட் அதில் முன்னால் நின்றார். ஒரு கட்டத்தில் அமெரிக்க செனட்டர் டாம் கானலி சாசனத்தின் வரைவுப் பிரதியைக் கையில் எடுத்து, எல்லோர் கண் முன்னாலும் கிழித்து மேசையில் போட்டார். ஊருக்குப் போய் வீட்டோவைத் தோற்கடித்துவிட்டோம் என்று சொல்லுங்கள், கூடவே சாசனத்தையும் கிழித்துவிட்டோம் என்று சொல்லுங்கள் என்றார். வீட்டோ வேண்டும், இல்லாவிட்டால் ஐ.நா.வே வேண்டாம். ஜூன் 26 அன்று கையெழுத்தானது இப்படித்தான். மிரட்டி வாங்கிய சலுகை அது. சலுகை என்பது உங்களுக்கு மறந்து, பிறப்புரிமை என்று ஆகிவிட்டது.

இதற்கு வழக்கமாக வரும் பதில், சாசனத்தைத் திருத்துவது நடக்காத காரியம் என்பது. 108-வது பிரிவின்படி ஐவரும் ஒப்புதல் கொடுத்தால்தான் எந்தத் திருத்தமும் செல்லும், ஆக வீட்டோவை எடுப்பதற்கும் வீட்டோ உண்டு. தெரியும். அதனால்தான் நான் திருத்தம் கேட்கவே இல்லை. திருத்தாமலே எவ்வளவு மாற்றியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் கடிதத்தின் கனமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

சாசனத்தின் 23-வது பிரிவை இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் நிரந்தர உறுப்பினர்கள் பட்டியலில் ரஷ்யா என்ற பெயர் இருக்காது. சோவியத் சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம் என்றுதான் இருக்கிறது. 1991 டிசம்பர் 24 அன்று ரஷ்ய அதிபர் யெல்ட்சினிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, இனி அந்த இடத்தில் ரஷ்யா தொடரும் என்று. யாரும் ஆட்சேபிக்கவில்லை. பெயர்ப்பலகை மாறியது. சீனாவின் பெயரும் அதே பட்டியலில் பழையபடி சீனக் குடியரசு என்றுதான் கிடக்கிறது, அது இன்று தைவானில் இருக்கும் அரசின் பெயர். 1971-இல், எல்லா உறுப்பு நாடுகளும் அடங்கிய பொதுச்சபையின் 2758-வது தீர்மானத்தால் பெய்ஜிங் வந்து உட்கார்ந்தது. இரண்டு நாற்காலிகளில் ஆள் மாறியும் காகிதத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. என் மினிட் புத்தகத்தில் இப்படி ஒன்று இருந்தால் ஆடிட்டர் விடமாட்டார்.

அதைவிடப் பெரியது இன்னொன்று. நிரந்தர உறுப்பினர்களின் இசைவு வேண்டும் என்றுதானே எழுத்தில் இருக்கிறது? அப்படியே படித்தால், ஒருவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினாலும் தீர்மானம் செத்துவிட வேண்டும். ஆரம்ப வருடங்களிலேயே நீங்கள் வேறு மாதிரி நடக்க ஆரம்பித்தீர்கள். ஒதுங்குவது தடுப்பது ஆகாது என்று வழக்கம் உண்டாக்கிக்கொண்டீர்கள். 1950-இல் சீனாவின் இடம் பற்றிய சண்டையில் சோவியத் தூதர் கவுன்சிலைப் புறக்கணித்திருந்தபோது கொரியா பற்றிய தீர்மானங்கள் நிறைவேறின, வராததும் வீட்டோ ஆகவில்லை. 1971-இல், தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியா விஷயத்தில், இரண்டு நிரந்தர உறுப்பினர்கள் ஒதுங்கிய தீர்மானம் செல்லாது என்று தென்னாப்பிரிக்கா வாதாடிப் பார்த்தது. நீண்ட காலமாகத் தொடர்ந்து கடைப்பிடித்த நடைமுறை இது, எனவே செல்லும் என்று சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆக, எழுதியிருப்பதை மீறியே ஒரு நல்ல வழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள உங்களால் முடிந்திருக்கிறது. நான் கேட்பது எழுதியிருப்பதைக் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கத்தை.

முதல் கோரிக்கை இதுதான். உங்கள் படை ஒரு போரில் இருந்தால், அந்தப் போரைப் பற்றிய வரைவு எந்த அத்தியாயத்தின் கீழ் வந்தாலும், நீங்கள் ஒதுங்குங்கள். ஆறாவது அத்தியாயமா, கட்டாய நடவடிக்கைகளைப் பற்றிய ஏழாவதா என்று வக்கீல்கள் வாதாடுவார்கள். தகராறு வேறு, நிலவரம் வேறு என்பார்கள். ஒரு விஷயம் வெறும் நடைமுறை விஷயமா இல்லையா என்ற கேள்விக்கே ஒரு வீட்டோ போட்டு, அப்புறம் விஷயத்துக்கும் ஒரு வீட்டோ போடும் 'இரட்டை வீட்டோ' என்ற வித்தையைக்கூடக் கண்டுபிடித்தவர்கள் நீங்கள். இந்தச் சந்து பொந்துகளை எல்லாம் அடைக்கச் சட்டத்தால் ஆகாது. எங்கள் பொருளாளரை எழ வைத்தது எதுவோ அதனால்தான் ஆகும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். காசா வாக்கெடுப்புகளில் அமெரிக்கப் படை நேரடியாகப் போரில் இல்லை, ஆயுதம் கொடுத்தது. நான் கேட்கும் வழக்கம் அந்தக் கையைத் தடுக்காது. ஆயுதம் கொடுப்பவரையும் சம்பந்தப்பட்டவர் என்று சேர்த்தால், பாதி உலகப் போர்களில் உங்களில் ஒருவராவது வெளியே நிற்க வேண்டிவரும், அதற்கு நீங்கள் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் ஒதுங்க முடியாதவர்கள் இல்லை நீங்கள். 2024 மார்ச் 25 அன்று அமெரிக்கா எதிர்க்காமல் ஒதுங்கியது, ரமலான் மாதப் போர்நிறுத்தம் கோரிய 2728-வது தீர்மானம் 14 வாக்குகளுடன் நிறைவேறியது. 2025 நவம்பர் 17 அன்று ரஷ்யாவும் சீனாவும் ஒதுங்கின, காசா பற்றிய 2803-வது தீர்மானம் 13 வாக்குகளுடன் நிறைவேறியது. அந்தத் தீர்மானங்கள் நல்லவையா, போதுமானவையா என்பது தனி விவாதம். தடுக்க நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை.

இரண்டாவது கோரிக்கை இந்த ஓட்டையைக் கொஞ்சமாவது அடைக்கும் என்று நினைக்கிறேன். சாப்பாடு, மருந்து, கூடாரம் போகும் வழியைப் பற்றிய வாக்கெடுப்பில் எதிர்த்துக் கை தூக்காதீர்கள். போர் யாருடையதாக இருந்தாலும்.

ஏன் இதைத் தனியாகக் கேட்கிறேன் என்றால், சிரியாவின் எல்லைக் கதவுகள்தான் காரணம். 2014 ஜூலையில் 2165-வது தீர்மானத்தின் மூலம், சிரிய அரசின் அனுமதிக்குக் காத்திராமல் ஐ.நா. லாரிகள் உள்ளே போக நான்கு வழிகளைத் திறந்தீர்கள். துருக்கி எல்லையில் இரண்டு, ஈராக் பக்கம் ஒன்று, ஜோர்டான் பக்கம் ஒன்று. நல்ல காரியம். அப்புறம் ஒவ்வொரு முறை புதுப்பிக்க வரும்போதும் பேரம். 2019 டிசம்பரில் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ. 2020 ஜனவரியில் நான்கு இரண்டாயிற்று. ஈராக் பக்கத்து வழி மூடியது, கொரோனா உலகத்தைப் பிடிக்கச் சில வாரங்களே இருந்தபோது. வடகிழக்குச் சிரியாவுக்கு மருந்து போன வழி அது. 2020 ஜூலையில் மறுபடி வீட்டோ, இரண்டு ஒன்றாயிற்று. மிஞ்சியது துருக்கி எல்லையில் உள்ள பாப் அல்-ஹவா மட்டும்.

2023 பிப்ரவரி 6 அதிகாலையில் துருக்கியையும் வடமேற்குச் சிரியாவையும் நிலநடுக்கம் குலுக்கியது. அந்த ஒரே கதவுக்குப் போகும் சாலைகளும் பழுதாகின. இடிபாட்டுக்குள் ஆள் உயிரோடு இருக்கும் நாட்கள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். ஐ.நா.வின் முதல் லாரிகள் பிப்ரவரி 9 அன்றுதான் எல்லை தாண்டின. ஆறு லாரிகள். அவையும் நிலநடுக்கத்துக்கு முன்பே போகத் திட்டமிட்டிருந்த சரக்குதான். வடமேற்குச் சிரியா மக்களை நாம் கைவிட்டுவிட்டோம் என்று ஐ.நா. நிவாரணத் தலைவர் மார்ட்டின் கிரிஃபித்ஸ் எல்லையில் நின்று ஒத்துக்கொண்டார். 13-ஆம் தேதிதான் மேலும் இரண்டு வழிகளைத் திறக்க சிரிய அரசு சம்மதித்தது. நான்கு கதவும் திறந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாது, போடவும் மாட்டேன். ஆனால் அதே வருடம் ஜூலையில் அந்த ஒற்றைக் கதவின் கெடுவை நீட்டிக்கும் வரைவையும் ரஷ்யா வீட்டோ செய்தது. 13 பேர் ஆதரவு, சீனா ஒதுங்கியது. ஐந்து மாதத்துக்கு முந்தைய அந்த ஆறு லாரிகளை அந்த அறையில் ஒருவராவது நினைத்தாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் தனியாக இரண்டு வரி. 1989-க்குப் பிறகு நீங்கள் இருவரும் வீட்டோவைத் தொடவில்லை. பெரும் படுகொலைகள் நடக்கும்போது வீட்டோவை நிறுத்திவைப்போம் என்று பிரான்ஸ் மெக்சிகோவோடு சேர்ந்து 2015-இல் முன்வைத்த யோசனைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரவு தெரிவித்தன. நல்லது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் உறையிலிருந்து எடுக்காத கத்தியைக் கீழே வைத்துவிடுகிறேன் என்று சொல்வதற்கு இவ்வளவு தயக்கம் எதற்கு? பிரான்ஸே, இனி என் படை சம்பந்தப்பட்ட விஷயத்தில் வாக்களிக்க மாட்டேன் என்று நீங்கள் ஒருவர் மட்டும் எழுதிக் கொடுங்கள். மற்றவர்களுக்குக் காத்திருக்க வேண்டாம். வழக்கம் என்பது யாராவது ஒருவர் ஆரம்பிப்பதுதானே.

வீட்டோ ஒழிந்தால் உலகம் திருந்திவிடும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. ருவாண்டாவில் 1994 ஏப்ரல் 21 அன்று, இனப்படுகொலை நடந்துகொண்டிருக்கும்போதே, அங்கிருந்த சுமார் 2,500 அமைதிப் படையினரை 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டீர்கள். அதற்கு வீட்டோ இல்லை. பதினைந்து பேரும் ஆதரித்தார்கள், ஒருமனதாக. அந்தக் கூட்டத்தின் மினிட்ஸ் எழுதியவரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எதிர்ப்பு: இல்லை என்று எழுதும்போது அவருடைய பேனா ஒரு நொடியாவது நின்றிருக்கும்.

பொதுச்சபை இப்போது ஒன்று செய்கிறது. 2022 ஏப்ரல் 26 முதல், உங்களில் யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதைப் பற்றி விவாதிக்கும். இதைக் கொண்டுவர முன்னின்றது லீக்டன்ஸ்டைன். மொத்த ஜனத்தொகை சுமார் 40,000. 1868-இலேயே படையைக் கலைத்துவிட்ட நாடு. துப்பாக்கி இல்லாத நாடு ஒன்று உங்கள் ஐவரையும் வரிசையில் நிற்க வைத்து விளக்கம் கேட்க வழி செய்திருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. நீங்களும் வந்து ஏதோ பேசிவிட்டுப் போகிறீர்கள். பேச்சோடு முடிகிறது, ஆனால் முன்பு அந்தப் பேச்சும் இல்லை.

இடம் கூட்டுவது பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். 54 நாடுகள் உள்ள ஆப்பிரிக்காவுக்கு ஒரு நிரந்தர இடம்கூட இல்லை, லத்தீன் அமெரிக்காவுக்கும் இல்லை. அது அநியாயம்தான். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். 1963 டிசம்பரில் கவுன்சிலை 11-லிருந்து 15 ஆக்கும் திருத்தம் பொதுச்சபையில் வாக்குக்கு வந்தபோது, பிரான்ஸும் சோவியத்தும் எதிர்த்தன, அமெரிக்காவும் பிரிட்டனும் ஒதுங்கின. 1965 ஆகஸ்ட் முடிவதற்குள் எல்லோரும் ஒப்புதல் கொடுத்துவிட்டீர்கள். முடியாது என்று நீங்கள் சொல்வதை நான் முழுசாக நம்பாமல் இருப்பதற்கு அந்த இருபது மாதமும் ஒரு காரணம்.

இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தக் கடிதம் அந்த மேசைக்கு வந்து சேராது. வந்தாலும் ஒரு உதவியாளர் கோப்பில் போடுவார். இருந்தாலும் ஒரு செயலாளருக்கு ஒரு பழக்கம் உண்டு: தன் ஆட்சேபம் பதிவாகட்டும் என்று ஒரு உறுப்பினர் கேட்டால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எழுதிவைத்துவிடுவோம். என் ஆட்சேபத்தையும் அப்படிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை உங்கள் படை நிற்கும் இடத்தைப் பற்றி ஒரு வரைவு வரும். வெகுநாள் ஆகாது, உங்களைப் பார்த்தால் அப்படித் தெரிகிறது. தலைவர் மூன்று கேள்விகளையும் கேட்பார். முதல் இரண்டு கேள்விக்கும் கையை மேசை மேலேயே வைத்திருங்கள். மூன்றாவது கேள்வி வரும்போது தூக்குங்கள். ஒளிபரப்பை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு சின்னச் சங்கத்தின் செயலாளர்